மெய்யடிகள் சொன்ன ‘ம்’

அம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மகர மெய்யடிகள் வாயைத் திறந்து, “ஏம்பா, இது அரக்கோணம் ஃபாஸ்ட்டா, இல்ல வேப்பம்பட்டுல நிக்குமா?” என்று கேட்டுவிட்டார்.

கேட்கப்பட்டவர் அப்பாவு. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அடிகளின் அன்பர் சபைக்குச் செயலாளர். “நிக்கும் சாமி” என்று பதில் சொல்லி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அடிகள் பேசிவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் ஏரிக்கரை ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வந்து உட்கார்ந்த நாள் முதல் அந்த மனிதர் ‘ம்’ என்ற ஒரே எழுத்தைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்டால் ‘ம்’. கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டால் ‘ம்’. ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டயரான நாகேந்திரன் ஒருநாள் அந்தப் பக்கமாக வாக்கிங் போனவர், இதைக் கண்டு அசந்து நின்றார். மறு மாதமே மரத்தடியில் கொட்டகை எழும்பியது. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் புலவர் தங்கவேல், ‘ம்’ என்பது மகர மெய் என்பதால் ‘மகர மெய்யடிகள்’ என்று பெயர் சூட்டினார். அதற்கும் அடிகள் ‘ம்’ என்றார்.

அப்படிப்பட்டவர் வேப்பம்பட்டைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டு ரயிலேறிப் போனார். திரும்பி வரவில்லை.

இந்தச் செய்தி பொன்னியம்மாவுக்குக் கேன்டீனில் வைத்துத் தெரிந்தது. தொழிற்பேட்டையில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றின் கேன்டீன்; அவள் அங்கே சாம்பார் ஊற்றுகிறவள். சொன்னது கூட வேலை செய்யும் ரோஸி.

“உங்க சாமி பேசிட்டாராமே.”

பொன்னியம்மா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்ற ஆள் தட்டை நீட்டிக்கொண்டே நின்றான்.

“இன்னா பேசினாராம்?”

“வண்டி நிக்குமான்னு கேட்டாராம். நல்ல கேள்விதான். நம்ம மாதாவும் பேசாது, ஆனா இப்படி ஸ்டேஷன்ல மாட்டிக்காது.”

அன்று பகல் முழுக்கப் பொன்னியம்மாவுக்கு வேலை ஓடவில்லை. அவளிடமும் அடிகளின் ‘ம்’ ஒன்று இருந்தது.

அவள் புருஷன் நாகப்பன் டர்னராக இருந்தவன். கம்பெனி லாக்கவுட் ஆகி, ஆறு மாதம் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, “பூனாவுல வேல கீதாம். போயி சேந்துட்டு ரெண்டு மாசத்துல வந்து கூட்டிக்கினு போறேன்” என்று கிளம்பினான். முதல் மாதம் ஒரு கார்டு வந்தது. ஊரில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு குளிரைப் பற்றிக்கூட ஒன்றும் எழுதவில்லை. ரெண்டு வருஷம் பார்த்துவிட்டுப் பொன்னியம்மா ஏரிக்கரைக்குப் போனாள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும், “சாமி, எங்க ஊட்டுக்காரரு வருவாரா?” என்று கேட்டாள். அடிகள் அவள் முகத்தைப் பார்த்து ‘ம்’ என்றார். அவள் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் ஓட்டினாள். வரிசையாக ஐந்து ஓட்டு வீடுகள் இருந்த ஸ்டோரில் மற்றவர்கள் எல்லாரும் காலி செய்துவிட்டுப் போனார்கள். மழைக்கு ஒழுகாத மூலை என்று அவள் வீட்டில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதில் பாயைப் போட்டுக்கொண்டாள். ஆவடியில் தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடப்பதாக ரோஸி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். ரோஸியின் மகன் துபாயில் இருந்தான். அவளும் தனிக்கட்டைதான்.

“அவரு வந்தா இந்த ஊட்டுக்குத்தான வருவாரு” என்பாள் பொன்னியம்மா. “வேற அட்ரஸ் அவருக்குத் தெரியாதே.”

வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கும் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். கன்னியம்மா வீட்டில் டிவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே படம் ஓடும்போது பொன்னியம்மா இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டு காதாலேயே படம் பார்ப்பாள். வா என்று கூப்பிட்டால் போகமாட்டாள். படம் பார்க்கிற நேரத்தில் யாராவது வந்து கதவைத் தட்டினால் கேட்காதே.

இப்போது அடிகள் பேசிவிட்டார். பேசத் தெரிந்தவர் பேசாமல் இருந்திருக்கிறார். அப்படியென்றால் அவர் சொன்ன ‘ம்’ உண்மையா, பொய்யா? பொய்யென்றால் தான் யாருக்காகச் சாவியை வைத்துவிட்டுப் போகிறோம்?

இதே கேள்வி ஊரில் மற்றவர்களுக்கும் வந்திருந்தது. ஆனால் அவர்கள் அதை ஒழுங்குமுறையாகக் கேட்க விரும்பினார்கள். அதே கொட்டகையில், சபை வழக்கமாகக் கூடும் அதே ஞாயிற்றுக்கிழமை காலையில், ‘மகர மெய்யடிகள் முன்னாள் அன்பர்கள் உண்மை அறியும் பேரவை’ தொடங்கப்பட்டது. பழைய போர்டிலேயே ‘அன்பர்கள்’ என்பதற்கு முன்னால் இருந்த இடுக்கில் ‘முன்னாள்’ என்று சிவப்பு பெயின்டில் நுழைத்திருந்தார்கள். தலைவர் நாகேந்திரன். செயலாளர் அப்பாவு. சபையில் எவரெவர் எந்தெந்தப் பதவியில் இருந்தார்களோ, அவரவர் அந்தந்தப் பதவியில் ஏமாந்தவர்களாகத் தொடர்ந்தார்கள்.

நாகேந்திரன் மைக்கைப் பிடித்தார்.

“முன்னாள் அன்பர்களே. உங்கள் எல்லோரையும் அடிகளிடம் அழைத்து வந்தவன் அடியேன். ஆகவே ஏமாந்தவர்களில் முதல்வன் நான். ஏமாந்ததில் எனக்கு இருக்கும் அனுபவம் இங்கே வேறு யாருக்கும் கிடையாது. அந்தத் தகுதியில்தான் தலைமைப் பொறுப்பை ஏற்கிறேன். அன்று அவருக்குக் கொட்டகை போட்டவனும் நான். இன்று அதே கொட்டகையில் அவரை விசாரிக்கிறவனும் நான். பொதுவாழ்க்கையில் இதைவிடத் தொடர்ச்சி வேறென்ன வேண்டும்?”

கை தட்டினார்கள். பிறகு இருக்கை ஒழுங்கு அறிவிக்கப்பட்டது. அதிக காலம் ஏமாந்தவர்கள் முன்வரிசை. இடையில் சேர்ந்து ஏமாந்தவர்கள் நடுவில். பொன்னியம்மா ஆரம்ப காலத்திலிருந்தே வந்தவள்தான்; ஆனால் வாரம் தவறாமல் வராததால் அவள் ஏமாற்றத்தில் இடைவெளி இருப்பதாகச் சொல்லி நான்காம் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

சபையில் முன்பு கூட்டம் ஐந்து நிமிட மௌனத்தோடு தொடங்கும். மௌனம்தான் நம்மைக் கெடுத்தது என்று சொல்லி, இனி ஐந்து நிமிடப் பேச்சோடு தொடங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க எதையாவது பேச வேண்டும். யாரும் யாரையும் கேட்கக்கூடாது. பொன்னியம்மாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. “திங்கக்கெழம கத்திரிக்கா சாம்பாரு, செவ்வாக்கெழம மொளகுரசம், புதங்கெழம காராமணி” என்று கேன்டீன் சமையலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா தன் நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்து எல்லோரும் நிறுத்தியபோது பொன்னியம்மாவுக்கு வெறிச்சென்று இருந்தது. வீட்டிலும் அவள் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்பாள். ஆனால் அங்கே மணி அடிக்க ஆள் கிடையாது.

முடிவில் சுண்டல் கொடுத்தார்கள். சுண்டலை மட்டும் பேரவை மாற்றவில்லை.

அடுத்த வாரம் விவாதம் ஆரம்பித்தது. புலவர் தங்கவேல் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“நான் கேட்கிறேன். ‘ம்’ என்பது என்ன எழுத்து? மெய்யெழுத்து. மெய்யைத் தவிர வேறொன்றையும் உச்சரிக்காத ஒருவர் பொய் சொல்லியிருக்க வழியுண்டா? இலக்கணப்படி அடிகள் நேர்மையானவர்.”

அப்பாவு எழுந்தார். “அப்ப வேப்பம்பட்டுல நிக்குமான்னு என்னைக் கேட்டது?”

“அதில் உயிர்மெய் எழுத்துகள் கலந்துவிட்டன. அதாவது கலப்படம். கலப்படம் நேர்ந்தது ஸ்டேஷனில். கொட்டகையில் சொன்னதெல்லாம் சுத்தம்.”

“மெய்யெழுத்து தனியா நிக்காது, உயிரு சேரணும்னு நீங்கதான எனக்குப் பத்தாங்கிளாஸ்ல சொன்னீங்க?”

புலவர் மேல்துண்டை மறுபடி சரிசெய்துகொண்டார். பழைய மாணவர்களோடு ஒரே சங்கத்தில் இருப்பதில் இந்தக் கஷ்டம் உண்டு. பிறகு அவர் ‘ம்’மின் வகைகளை எடுத்துரைத்தார். ஒப்புக்கொள்ளும் ‘ம்’, மறுத்து முனகும் ‘ம்’, மிரட்டும் ‘ம்’, கேலி செய்யும் ‘ம்’, அரைத்தூக்க ‘ம்’, பல்வலி ‘ம்’. ஒவ்வொன்றையும் மைக்கில் செய்து காட்டினார். கொட்டகைக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று பல்வலி ‘ம்’முக்குத் தலையைத் தூக்கிப் பதில் கொடுத்தது.

கடைசியில், ஒவ்வோர் உறுப்பினரும் தான் பெற்ற ‘ம்’மைப் பேரவையின் முன் வைக்க வேண்டும், அது பலித்ததா இல்லையா என்று பேரவை பார்க்கும், பலித்தவை அதிகமென்றால் அடிகள் நேர்மையானவர், பலிக்காதவை அதிகமென்றால் போலி என்று முடிவானது. வாரா வாரம் ஆட்கள் வந்து சொன்னார்கள். ஒருவருக்குக் கிணற்றில் தண்ணீர் வந்தது. ஒருவருக்குப் பாறை வந்தது. ஒரு பையன் பாஸ். ஒரு பையன் பெயில். மழைக்காலம் முடிவதற்குள் மற்ற எல்லாருடைய கணக்கும் தீர்ந்தது. இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது.

மிச்சமிருந்தது பொன்னியம்மாவின் ‘ம்’ ஒன்றுதான்.

அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சபை தொடங்கிய இத்தனை வருஷத்தில் அவள் மேடையேறியது அன்றுதான்.

“சம்பவத்தை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும்” என்றார் நாகேந்திரன். “அடிகள் இல்லாததால் அவர் இடத்தில் நான் உட்காருகிறேன். ஆராய்ச்சிக்காக மட்டும்.” அடிகள் உட்கார்ந்திருந்த மணையை யாரோ துடைத்துப் போட்டார்கள். நாகேந்திரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சால்வையைப் போர்த்திக்கொண்டார். “கேளும்மா.”

“இன்னான்னு?”

“அன்றைக்குக் கேட்ட மாதிரியே.”

பொன்னியம்மா அத்தனை பேருக்கு முன்னால் குனிந்து, “எங்க ஊட்டுக்காரரு வருவாரா?” என்றாள். நடிப்பதற்குச் சொன்னது அவளுக்கு நடிப்பாக வரவில்லை.

நாகேந்திரன் கண்ணை மூடி ‘ம்’ என்றார். “இதுவா?”

“இல்லீங்க. அவரு கண்ண மூடல.”

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, தாடையைத் தடவி, பல விதமாக ‘ம்’ சொன்னார். எதுவும் பொருந்தவில்லை. ஆனால் அவருக்கு அந்த மணையை விட்டு எழுந்திருக்கவும் மனமில்லை. சுண்டல் வந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு ஒருவர், தான் ரிட்டயர்மென்ட் பணத்தில் கொரட்டூரில் மனை வாங்கலாமா என்று நாகேந்திரனிடம் கேட்டார். ஆராய்ச்சிக்காகத்தான். நாகேந்திரனும் ஆராய்ச்சிக்காக ‘ம்’ என்றார். அதற்கடுத்த ஞாயிறு நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மா பழத்தட்டோடு வந்திருந்தாள்.

பொன்னியம்மாவின் விஷயம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் கூட்டம் கலையும்போது அவள் நாகேந்திரனின் மணைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஐயா, என்னுது இன்னாதான் ஆச்சு?”

“உங்கள் விஷயத்தில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது அம்மா. உங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டால் அடிகள் நேர்மையானவர் என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நாம் எல்லோரும் மறுபடி அன்பர்கள். பேரவையே இருக்காது. எத்தனை பேருடைய உழைப்பு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அதனால் நிர்வாகக் குழு கூடிப் பேசினோம். உங்கள் வீட்டுக்காரர் வரக்கூடாது என்பதுதான் பேரவையின் நிலைப்பாடு. இதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளக்கூடாது.”

பொன்னியம்மா கேட்டாள்: “அந்தச் சாமியையே போயி கேட்டா இன்னா? வேப்பம்பட்டுன்னுதான சொன்னாரு. இங்கேந்து எவ்ளோ தூரம்?”

நாகேந்திரன் சிரித்தார். “அது முறையல்ல அம்மா. நாம் போய்க் கேட்டு, அவர் ‘ம்’ என்று சொல்லிவிட்டால்? ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம். அடுத்த மாதம் சிறப்பு மாநாடு வைத்திருக்கிறோம். அதில் மேடைக்கு வந்து உங்கள் ‘ம்’மைப் பகிரங்கமாக வாபஸ் வாங்கிவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது. சால்வை போடுகிறோம்.”

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அழுதார்கள், யாரோ பாடினார்கள். பொன்னியம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை. ஊரே ஒன்று கூடி அவள் புருஷன் வரக்கூடாது என்று கை தூக்கியிருக்கிறது. வர வேண்டும் என்று தூக்கத் தன் கை ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கையும் சமீபமாக வலிக்கிறது.

சனிக்கிழமை கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு அவள் ரயிலேறினாள். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டி வேப்பம்பட்டு வந்தது. இறங்கிய நாலு பேரும் நாலு திக்கில் போய்விட்டார்கள். ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் விசாரித்தாள்.

“தாடி வெச்சிக்கினு, பேசாம இருப்பாரு. ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருப்பாரு.”

“பேசாதவரா? அப்படி யாரும் இங்க இல்லம்மா” என்றார் டீக்கடைக்காரர். “சுசீலாம்மாவோட அண்ணன் ஒருத்தர் வந்து கீறாரு. ஆனா அவரு நல்லா பேசுவாரே. நேத்துகூட முருங்கக்கா முத்தலுன்னு சண்ட போட்டாரு.”

மனை போட்டு விற்ற பொட்டல் நடுவில் பூசாத செங்கல் வீடு. கிணற்றடியில் லுங்கியும் பனியனுமாக ஒருவர் பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாடி இல்லை. பொன்னியம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண் தெரிந்தது.

“யாரும்மா? சுசீலா கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்குது.”

அடிகளின் குரல் இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. சளி கட்டிய, சாதாரணக் குரல். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கினாள்.

“நா கள்ளிக்குப்பம்.”

அவர் கையிலிருந்த புளியைக் கல்லின் மேல் வைத்தார். “அவங்க அனுப்பினாங்களா?”

“இல்ல. அவங்களுக்குத் தெரியாது.”

“உக்காரு.” துவைக்கிற கல்லைக் காட்டினார். “அம்மா, எம் பேரு கோவிந்தன். பஸ் டெப்போவுல வாட்ச்மேனா இருந்தவன். பொஞ்சாதி செத்துட்டா. வூட்ல உக்கார முடியல, ஏரிக்கரையில வந்து உக்காந்தேன். யார்கிட்டயும் பேசத் தோணல. அவ்ளோதான். உங்க நாகேந்திரன் வந்தாரு. என் தலைக்கு மேல கொட்டா போட்டாரு. அதுக்கப்புறம் எழுந்து போறது எப்படின்னு தெரியல. தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னு சேதி வந்துச்சு. அதான் கெளம்பினேன். வண்டிய கேக்காம எப்படி ஏறுறது?”

“எங்க ஊட்டுக்காரரு வருவாரான்னு கேட்டேன். நீங்க ‘ம்’னு சொன்னீங்க.”

அவர் யோசித்தார். “ஞாபகம் இல்லியேம்மா. எத்தினி பேரு.” பிறகு, “நா ‘ம்’னு சொன்னதும் நீ இன்னா பண்ணின?” என்றார்.

“வுழுந்து கும்பிட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்.”

“எல்லாரும் அதத்தான் பண்ணாங்க.” அவர் குடத்தின் விளிம்பைத் தடவினார். “ஒருத்தர் ஒரு விசயத்த சொல்ல ஆரம்பிச்சா, கேக்கறவன் ‘ம்’னு சொல்லுவான் இல்ல? அப்புறம் இன்னா, மேல சொல்லுன்னு. அந்த ‘ம்’முதாம்மா அது. ஒருத்தர்கூட மேல சொல்லல. ‘ம்’னு சொன்னதும் எழுந்து போயிட்டாங்க.”

“அப்ப அவரு வருவாரா மாட்டாரா?”

“எனக்கு இன்னாம்மா தெரியும்?”

அவள் அழுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. பொட்டலில் ஒரு ஆடு கத்தியது.

“நீங்க பண்ணது சரியா?” என்றாள்.

“சரியில்லதான். சுண்டல் துன்னேன். பழம் துன்னேன். ‘இப்படி இல்லம்மா’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா எல்லாம் போயிடும். மறுபடி தனியா உக்காந்துகினு இருக்கணும். அதான் சொல்லல.” அவர் அவளைப் பார்த்தார். “இப்ப சொல்லேன். அவரு எப்படிப் போனாரு?”

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. வருவாரா என்று கேட்டார்கள், வந்தாரா என்று கேட்டார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். லாக்கவுட், பந்தல், பூனாவில் வேலை என்று சொன்ன ஆள், காலையில் போட்ட காபி, பெட்டி கட்டியது, தெருமுனை வரை கூட வந்தது.

“திரும்பி வந்து ஊட்டத் தொறந்தேன். செவுத்துல அவங்க அம்மா போட்டோ மாட்டியிருக்கும். அத காணம். ஆணி மட்டும் இருந்துச்சு.” அவள் நிறுத்தினாள். “ரெண்டு மாசத்துல கூட்டிக்கினு போறவரு அத ஏன் எடுத்துக்கினு போனாரு? எனக்கு அப்பவே தெரியும். யார்கிட்டயும் சொல்லல. ஆணியில காலண்டர மாட்டிட்டேன்.”

கோவிந்தன் இந்த முறை ‘ம்’கூடச் சொல்லவில்லை. பிறகு அவர் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகமாக இருந்தது. வண்டி நேரத்தை அவரே சொன்னார்.

மாநாட்டன்று கொட்டகைக்கு முன்னால் சீரியல் பல்பு போட்டு வளைவு கட்டியிருந்தார்கள். நாகேந்திரன் மணையிலேயே உட்கார்ந்து தலைமை தாங்கினார். இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அவர் காலடியில் பழத்தட்டுகள் இருந்தன. புலவர் ஒரு வாழ்த்துப்பா படித்தார். யாரை வாழ்த்துகிறார் என்பது கடைசிவரை தெளிவாக இல்லை. அப்பாவு மைக்கில், “அடுத்ததாகத் திருமதி பொன்னியம்மா அவர்கள் தமது ‘ம்’மைத் திரும்பப் பெறுவார்” என்று அறிவித்தார்.

பொன்னியம்மா மேடையேறினாள். மைக் அவள் மூச்சைக்கூடப் பெரிதாக்கியது.

“நா வேப்பம்பட்டு போயி அவர பாத்துட்டு வந்தேன்” என்றாள்.

கொட்டகை அமைதியானது. சபைக் காலத்து மௌனத்தில்கூட இருமல் சத்தமாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. அவர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் சொல்லவேண்டியதை ரயிலில் வரும்போதே மனசில் அடுக்கி வைத்திருந்தாள்.

“யார் அனுமதியோடு போனீர்கள்?” என்றார் நாகேந்திரன்.

“நானாத்தான் போனேன்.”

“அவரைப் பார்த்தீர்களா, தரிசித்தீர்களா?” என்று புலவர் கேட்டார். இரண்டுக்கும் விதிகள் வேறு.

“டீ குடுத்தாரு. குடிச்சேன்.”

முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. நிர்வாகக் குழு மேடையிலேயே தலைகளைச் சேர்த்து வைத்துப் பேசியது. பிறகு நாகேந்திரன் மைக்கை வாங்கினார்.

“மிகுந்த வருத்தத்தோடு அறிவிக்கிறேன். அடிகளைச் சந்தித்து, அவர் கையால் வாங்கி அருந்தியதன் மூலம் இந்த அம்மையார் முன்னாள் அன்பர் என்ற தகுதியை இழந்து, இந்நாள் அன்பர் ஆகிவிட்டார். இது அன்பர்கள் அல்லாதவர்களின் பேரவை. இவர் மறுபடி ஏமாந்து, அதைப் புதிதாக நிரூபித்தால் சேர்த்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம். அடிகள் இருக்குமிடம் யாருக்கும் தெரியாது என்பதை இந்த மாநாடு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

கை தூக்கினார்கள். பொன்னியம்மா மேடையிலிருந்து இறங்கினாள். சால்வை மடிப்புக் கலையாமல் மேசையிலேயே இருந்தது. கூட்டம் முடிந்ததும் அதை நாகேந்திரனுக்குப் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். சுண்டல் பொட்டலம் கொடுக்கிற இடத்தில் அவளைக் கண்டதும் கொடுக்கிறவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். இந்நாள் அன்பருக்குச் சுண்டல் உண்டா என்பது பற்றி விதி எதுவும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் பாத்திரம் கழுவும்போது ரோஸி கேட்டாள்: “சாமி இன்னா சொன்னாரு?”

பொன்னியம்மா சொன்னாள். ஆணி வரைக்கும் சொன்னாள். ரோஸி கழுவுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த ரூமு இன்னும் சும்மாதான் கெடக்குதா?” என்று பொன்னியம்மா கேட்டாள்.

“பழைய டிவி பெட்டி ஒண்ணு கீது. தூக்கி வெளிய போடணும்.”

அந்த வார இறுதியில் சாமான் ஏற்றும் மீன்பாடி வண்டி ஒன்று ஸ்டோர் வாசலுக்கு வந்தது. ஏற்றுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஒரு பீரோ, ரெண்டு டிரங்குப்பெட்டி, பாய், அண்டா, ஸ்டவ். பொன்னியம்மாவின் நெற்றியில் பொட்டு வழக்கம்போல் இருந்தது. புருஷனுக்காக வைத்தாளா, பழக்கத்துக்கு வைத்தாளா என்று விசாரிக்க அவளுக்கு இப்போது பேரவை இல்லை.

வண்டிக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டினார். கன்னியம்மா தன் காம்பவுண்டிலிருந்து வந்து நின்றாள். இத்தனை வருஷமும் காலையில் வாங்கி மாலையில் கொடுத்த சாவியை இன்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுப்பதற்காக வாங்கிக்கொண்டாள். வண்டி நகர்ந்த பிறகுதான் அவள் ரெண்டு அடி கூட நடந்துவந்து கேட்டாள்.

“பொன்னி, அவரு வந்தா ஆவடி அட்ரஸ குடுக்கட்டா?”

பொன்னியம்மா அண்டாவைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டா குடு” என்றாள். “கேக்கலன்னா வுட்டுடு.”